முன்தகுதி: எதுவுமில்லை

ஒரு பாடத்துக்கு நாற்பது சொல்.
மேலே போனால் அச்சகத்தில் வெட்டுவார்கள்,
அதற்கு முன் நானே வெட்டிவிடுவேன்.
வட டகோட்டாவில், சமவெளி நடுவே,
இந்த இரண்டாண்டுக் கல்லூரியின் பதிவறையில்
பதினோரு கோடையாக இதுதான் வேலை.

*ஓவியம் 101. கோடும் நிழலும். முன்தகுதி: எதுவுமில்லை.*
'பார்க்கப் பழகுதல்' என்று எழுதித் தந்திருந்தார் லுண்ட்கிரன்.
பார்க்க என்ன பழக்கம் வேண்டிக்கிடக்கிறது
என்று அடித்துவிட்டேன்.
மறுநாள் நேரில் வந்து
என் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு,
நாற்காலி வேண்டாம்,
அதன் கால்களுக்கு நடுவே இருக்கிற காற்றை வரையுங்கள் என்றார்.
நாலு தாள் வீணாயிற்று.
அந்த இரண்டு சொல்லையும் திரும்பச் சேர்த்தேன்.
'விரிவான', 'பயனுள்ள' இரண்டும் போயின.

*அடிப்படைத் திறன் 090. பின்னம், தசமம், சதவீதம்.*
*அடிப்படைத் திறன் 092. ஒரு பத்தி எழுதுதல்.*
*மதிப்பலகு: பூஜ்யம். பட்டத்தில் சேராது.*
இவற்றுக்கு யாரும் விவரம் எழுதித் தருவதில்லை.
போன வருஷத்துப் பத்தியே இந்த வருஷத்துக்கும்.

ஆகஸ்டில் ஒருநாள் சன்னலுக்கு வெளியே
வெர்னா ஹாக்ஸ்டட், வயது ஐம்பத்தொன்று.
சர்க்கரை ஆலையில் இருபத்திரண்டு பருவம்,
பீட் கிழங்கு மலைமலையாய் வந்து விழும் அக்டோபர் முதல்
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.
ஆலை இந்த வருஷம் திறக்கப்போவதில்லை.
பட்டியலை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள்.
அக்கவுண்டிங்கைத் தாண்டிவிட்டாளாம்,
அடுத்தவர் பணத்தை எண்ணுவானேன் என்று.
ஏ முடிந்து பி வந்ததும்
போதும் என்று மூடிவிட்டாள்.

"பூஜ்யம் என்றால் கட்டணமும் பூஜ்யமா?"
இல்லை, மற்றதற்கு என்னவோ அதுவேதான்.
"அப்போது ஏதோ இருக்கிறது அதில்."
செக்கில் தொகையை எழுத்தால் எழுதும்போது
பேனா நின்றது.
நான் வாசலைப் பார்த்துக்கொண்டே
எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
அவளும் வாசலைப் பார்த்தபடியே எழுதினாள்.

டிசம்பரில் தாழ்வாரச் சுவரில் அவள் படம்:
கன்வேயரை வரையவில்லை,
அதற்கு அடியில் எலிகள் ஓடும் இருட்டை மட்டும்.
பி கழித்தல் என்று மூலையில் மதிப்பெண்.

*உயிரியல் 111. செல், சவ்வு, மரபு. முன்தகுதி: 090.*
பிப்ரவரி, வியாழன் மாலை,
வெளியே காரின் கதவு உறைந்து ஒட்டிக்கொள்கிற குளிர்.
பெயர்ப்பட்டியல் கொடுக்கப் போனவன்
ஆய்வகத்திலேயே நின்றுவிட்டேன்.
ஐந்து குழாய், ஐந்து சூடு,
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சிவப்புக் கிழங்கு.
"எங்களுடையது வெள்ளை" என்றாள் வெர்னா.
இரண்டும் ஒரே இனம் என்றார் ஓடகார்ட் டீச்சர்.

நாற்பதில் நீர் நீராகவே இருந்தது.
எழுபதில் ரத்தமாய்ச் சிவந்தது.
சூடு ஏறினால் சவ்வு தாங்காது,
உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

வெர்னா நோட்டைத் திருப்பி ஏதோ கிறுக்கினாள்.
நூற்றறுபது பாரன்ஹீட்.
கழி முப்பத்திரண்டு.
ஒன்பதில் ஐந்து பங்கு.
எழுபத்தொன்றும் கொஞ்சமும்.
"கீற்றுக்கீற்றாய் நறுக்கி வெந்நீரில் விடுவோம்.
நூற்றறுபதுக்குக் கீழே போனால் சூப்பர்வைசர் கத்துவான்.
ஏன் நூற்றறுபது என்று
அவனுக்கும் தெரியாது போல."
யாரும் எதுவும் சொல்லவில்லை.
குழாயைத் தூக்கி விளக்கில் பிடித்தாள்,
ரொம்ப நேரம்.

மறுபடி கோடை. மறுபடி பட்டியல்.
092-இல் அவள் எழுதிய பத்தி
மேசைமேல் கிடக்கிறது, 090-ஐப் பற்றி.
'ஒன்பதில் ஐந்து எதற்கு உதவும்' என்று தொடங்குகிறது.
ஒரு இடத்தில் எழுத்துப்பிழை.
எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்துமூன்று சொல்.

பிழையைத் திருத்தினேன்.
அச்சகத்துக்கு ஃபோன் போட்டிருக்கிறேன்,
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.