நீர்ச்சுழற்சி, நான்காம் வகுப்பு

இரவு பதினொன்றரைக்குச் சிக்கியது.
இலவசம்; கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை.
மலை, மேகம், மழை, ஆறு, கடல்,
வட்டமாய் அம்புக்குறிகள்.

சோஹாரிலிருந்து
ஃபஹாஹீல் ஸுலைகாவுக்கு அனுப்பினேன்.
அவள் யாருக்கோ.
அவர் இன்னும் யாருக்கோ.

"மிஸ், இதுல டேங்கர் எங்கே?"
ரெய்யான் கேட்டான்.
நல்லவேளை, மணி அடித்தது.

மூன்று வாரம் கழித்து
அதே தாள் என்னிடமே வந்தது.
யாரோ ஆற்றை அழித்துவிட்டு
கல் கிடக்கும் வாதி வரைந்திருந்தார்கள்.
கரையில் உப்பு நீக்கும் ஆலை.
அங்கிருந்து அம்பு லாரிக்கு,
லாரியிலிருந்து மாடித் தொட்டிக்கு.
மழைக்கு மட்டும்
புள்ளிக்கோடு.

பெயரில்லை. அடியில் பொடி எழுத்து:
தவறிருந்தால் திருத்தி அனுப்பவும்.

லாரி வெள்ளையாய் இருந்தது.
குடிக்கிற தண்ணி வண்டி நீலம் என்றான் ரெய்யான்.
நீலம் அடித்து
அனுப்பிவிட்டேன்.