வருத்தத்துடன் அறியத்தருவது

மாங்குளம் சந்தி, போட்டோக்கொப்பிக் கடை.
பக்கம் நூறு ரூபாய்க்கு
இங்கிலீசில் கடிதம் எழுதுகிறேன்.

இராசமலரக்காவின் வாழைகளை
யானை மிதித்துப்போட்டது.
'வருத்தத்துடன் அறியத்தருகிறேன்' என்று தொடங்கினேன்.
அந்தப் பாஷையில் அப்படித்தான்.

"நானேன் வருந்துவான்?
யானையெல்லோ வருந்தோணும்."

வெட்டினேன்.
குலை தள்ளியிருந்ததை எப்படிச் சொல்வது?
பிள்ளைத்தாச்சி மரங்கள் என்றால்
கொழும்பில் வாசிக்கிறவர்
பிள்ளை எங்கே என்பார்.
'காய்க்கும் பருவம்' என்று எழுதினேன்,
எனக்கே பிடிக்கவில்லை.

கடைசி வரி: முன்கூட்டிய நன்றிகள்.
"தர முந்தியே?"
அப்போதுதான் சிரித்தா.

கையெழுத்து மட்டும் தமிழில்.
மலரின் கடைசி 'ர்'
தாளை விட்டு வெளியே போனது.

நூறு ரூபாயை எண்ணி வைத்து,
மிசினின் கண்ணாடி மேல்
இரண்டு கதலிப்பழமும் வைத்துவிட்டுப் போனா.
யானை விட்டது.