முப்பத்தெட்டு கஜம்

புரூக்ளின். மூன்றாம் மாடி. ஜன்னல் அடைத்த அறை.
ராக்னில்ட் சக்கரத்தைச் சுழலவிட்டு
அதன் கூட்டின்மேல் விரல்நுனி வைக்கிறாள்,
காய்ச்சல் பார்ப்பவள்போல.
எங்கோ ஒரு பக்கம் கனம்.
இமைமயிர் ஒன்றின் கனம் இருக்கலாம்.
நிறுத்துகிறாள். அந்த இடத்தில்
அரைக் கடுகளவு பித்தளையைத் துளைத்தெடுக்கிறாள்.
மறுபடி சுழற்சி. மறுபடி விரல்.
பதினோராவது முறை
சக்கரம் தூங்கிப்போனது.
பம்பரம் தூங்குமே, அப்படி.

அடுத்த மேசையில் காஸ்பர் லிண்ட்
தொப்பிப் பெட்டியில் சிலந்தி வளர்க்கிறான்.
குறிபார்க்கும் கண்ணாடியில் குறுக்குக்கோடு இழுக்க
வேறெந்த நூலும் தடிமனாம்.
பட்டினி போட்டால் இழை இன்னும் மெலியும் என்கிறான்,
மதிய ரொட்டியைக் கடித்தபடி.

சக்கரமும் இழையும் ஒரே பெட்டிக்குள் போயின.
விமானம் சாயட்டும், குலுங்கட்டும்,
பெட்டிக்குள் இருப்பது மட்டும்
தரை எந்தப் பக்கம் என்று மறக்காது.
மேகத்துக்குள் நுழைந்தவனுக்கு
அவன் காதே பொய் சொல்லும்.
நேராகத்தான் போகிறோம் என்று நம்பியபடியே
சுழன்று விழுந்தவர்கள் உண்டு.
போன மார்ச்சில் ஆர்விட்.
அவனைப் போன்றவர்களுக்காகவே இந்த வேலை என்று
அவள் நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை லாங் ஐலண்டில் சோதனை.
உருளைக்கிழங்கு வயல் நடுவே சுண்ணாம்பு வட்டம்.
ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து மாவு மூட்டைகள்.
பழைய கருவி: நூற்றெழுபது கஜம் தள்ளி.
புதியது: முப்பத்தெட்டு.
அளவு நாடாவின் மறுமுனை அவள் கையில்.
அதிகாரிகள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கினார்கள்,
பிறகு அவள் கையையும்.

வயல்காரர் வ்ரூபெல் வந்து நின்றார்,
தொப்பியிலிருந்து பூட்ஸ்வரை வெள்ளையாக.
"என் கோழிக்கூட்டைக் குறிவைத்தது யார்?"
எல்லோரும் சிரித்தார்கள்.
"இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.
வட்டத்திலிருந்து அது எத்தனை கஜம்?"
யாரும் அளந்திருக்கவில்லை.
ராக்னில்ட் நாடாவை இழுத்துக்கொண்டு போனாள்.
கோழிகள் மண்ணைக் கிளறி
மாவைக் கொத்திக்கொண்டிருந்தன.
நாற்பத்தொன்று என்று கத்தினாள்.
அவர் தலையாட்டினார்,
சந்தையில் விலை கேட்டு நகர்பவர்போல.

திரும்பும் ரயிலில் ஒரு வளைவு.
பெட்டியில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள்,
அவளும்தான்.

திங்கட்கிழமை மேசைமேல் ஒரு சீட்டு:
இன்னும் நாற்பது சக்கரம் தேவை.
அடுத்த சோதனைக்கு மாவு வேண்டாம், மணல்.

சுழலவிட்டாள். விரல் வைத்தாள்.
ஏதோ நடுங்கியது.
பதினோராவது முறையும்,
பன்னிரண்டாவது முறையும்.
காஸ்பரைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னாள்.
"இது தூங்கி ரொம்ப நேரமாகிறதே" என்றான் அவன்.