குச்சவெளி முனை

இரவு எட்டே முக்கால்.
மடிகணினி சொல்கிறது: ஒருங்கவில்லை.
இருபது சுற்றுச் சுற்றிக் களைத்துவிட்டது,
திருகோணமலைக்குத் தீர்வே இல்லையாம்.

யன்னலுக்கு வெளியே
ஊர் எரிந்துகொண்டிருக்கிறது.
விளக்காகத்தான். இந்த ஊரில்
அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டும்.

பிழை என்னுடையது.
ஒவ்வொரு சுமையையும் ஒற்றை எண்ணாய் அடித்திருந்தேன்.
உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி, இறக்கண்டி,
எது வந்தாலும் எனக்கு இவ்வளவு வேண்டும்
என்று நிற்கும் பிடிவாதக்காரர் எல்லாரும்.

ஹயாத்து லெப்பையின் கடையில் ஒரு கேத்தல்.
அழுத்தம் பத்து வீதம் சரிந்தால்
பத்தொன்பது வீதம் சுருங்கிக்கொள்ளும்,
முறைப்பாடு எழுதாது,
பிந்திக் கொதிக்கும், அவ்வளவுதான்.

அருளப்பு சம்மாட்டியின் ஐஸ் ஆலை வேறு சாதி.
குறைத்துக் கொடுத்தால் கூட உறிஞ்சும்.
உறிஞ்ச உறிஞ்சக் கம்பி சூடாகும்,
சூட்டில் கொஞ்சம் தொலையும்,
தொலைந்ததால் முனையில் இன்னும் குறையும்,
குறைந்ததால் இன்னும் உறிஞ்சும்.
வட்டிக்கு வட்டி எடுத்தவனின் வீட்டுக்கணக்கு.

எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர்
ஒரு கோப்பு விட்டுப்போயிருக்கிறார்.
அறுபது வீதம் மாறாத் தடை,
இருபது மாறா ஓட்டம்,
இருபது மாறா வலு.
அழகான கையெழுத்து.
அதைப் போட்டால் எல்லாம் ஒருங்குகிறது,
நிலாவெளியில் கேட்கும் புது ஹோட்டலுக்கும்
தாராளமாய் இடம் இருக்கிறது.
அந்தத் தாராளம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

உபநிலையத்துக்கு அழைத்தேன்.
"சுபைர்தீன், ரப்பை ரெண்டு படி இறக்குங்கோ."
"மேடம், ஆக்கள் ஏசுவாங்க."
"அரை மணித்தியாலம்தான்."

மூன்று வீதம் இறங்கியது அழுத்தம்.
நாலு வீதம் இறங்கும் சுமை என்றது கோப்பு.
மீட்டரில் ஒன்றரை.

ஒன்றரை!
குண்டு பல்புகள் எப்போதோ செத்துவிட்டன.
இப்போது இருப்பவை எல்.இ.டி.கள், சார்ஜர்கள்,
கடற்கரை அறைகளின் இன்வேட்டர் ஏசிகள்.
மங்குவதற்கு
இந்த ஊரில் இனி ஆருக்கும் சம்மதமில்லை.

அந்த ஒன்றரையும் நிலைக்கவில்லை.
இருபதாவது நிமிடத்தில் ஊரத் தொடங்கியது மேலே.
கேத்தல்கள் நீளமாய்க் கொதித்தன,
குளிர்பெட்டிகள் வழமையை விடக் கூடநேரம் உறுமின.
வலுவில் விட்டுக்கொடுத்ததை
நேரத்தில் வந்து வசூலித்தன.

கோப்பில் அடித்துப் புதிதாய் எழுதினேன்:
தடை பதினைந்து, ஓட்டம் இருபது,
வலு அறுபத்தைந்து.
கூட்டினால் நூறு. எப்படிப் பிரித்தாலும்
நூறுதான் வரும், அதனால்தான்
பிழையான பங்குகூடச் சரிபோலத் தெரிகிறது.

ஆறாவது சுற்றில் ஒருங்கியது, மூச்சுத் திணறி.
குச்சவெளி முனையில் 0.89.
ஹோட்டல் விண்ணப்பத்தில்
"இப்போதைக்கு இயலாது" என்று எழுதி,
"இப்போதைக்கு" என்பதை வெட்டி,
பிறகு திரும்பவும் எழுதினேன்.

கையேட்டின் அடிக்குறிப்பில் ஒரு வரி உண்டு:
அழுத்தம் எழுபது வீதத்துக்குக் கீழே போனால்
மாறா வலுவையும் தடையாகக் கொள்க.
கணக்கு விழுந்துவிடாதிருக்க ஒரு தயவு.
பிடிவாதக்காரனைக் கடைசி நேரத்தில்
கேத்தலாக்கிவிடும் அந்த இரக்கம்
மென்பொருளில் இருக்கிறது.
கம்பியில் இல்லை.
அருளப்பரின் மோட்டர் அந்த இடத்தில்
நின்றுபோய், நின்றபடியே
ஐந்து மடங்கு இழுக்கும்.

தொலைபேசி.
"மேடம், ரப்பைத் திருப்பி ஏத்தவா?"
"ஏத்துங்கோ. அங்க ஏதும் தெரிஞ்சதா?"
"இல்ல மேடம். ஒரு லைட்டும் மங்கல்ல.
ஆக்களும் ஏசல்ல."

நல்ல செய்தி சொன்ன குரலில்தான் சொன்னார்.
நான் கொஞ்சநேரம்
ஒன்றும் சொல்லவில்லை.