ஐந்து என்று எழுதியிருந்தது

கீழவாசல் நத்தர்ஷா பாய் கடையில்
பெயின்ட் டப்பாக்களுக்கும் தார்ப்பாய்ச் சுருளுக்கும் நடுவே
காலி டிரம்மில் குத்தி நிற்கும் தூண்டில்கள்.
மூங்கில், நாற்பது.
இழுத்தால் நீளும் சீனத்துக் கம்பி, அறுநூற்றைம்பது.
கண்ணாடியிழை ஏழடி, சுருளோடு ஆயிரத்து நூறு.
கார்பனைக் கையிலேயே தரமாட்டார்.
"அது துபாய்க்காரங்களுக்கு."

என்னிடம் தொள்ளாயிரம்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் நான்.
குறுவை முடிந்து சம்பா வரும்வரை
எனக்குப் பருவம் கிடையாது.

சீனத்துக் கம்பியை நீட்டினேன்.
மூன்றாம் கணுவில் ஆடியது, விழப்போகும் பால் பல் மாதிரி.
கண்ணாடியிழையை வளைத்துப் பார்க்க
நுனி மின்விசிறியில் பட்டு டக்கென்றது.
பாய் விசிறியை நிறுத்தினார்,
விலையைக் குறைக்கவில்லை.

டிரம்முக்குப் பின்னால், துணி உறைக்குள், இன்னொன்று.
நான்கு துண்டு. தக்கைப் பிடி.
சுருள் மாட்டும் இடம் பிடிக்கும் கீழே, அடிமுனையில்.
"ஊட்டியில கடைய மூடினவங்க சரக்கு.
டிரவுட்டுனு ஒரு மீனாம், குளிர்ல கிடக்குமாம்,
ஈ மாதிரி கட்டி எறியணுமாம்.
நாலு வருஷமா நிக்குது.
கயிறு, சுருள் எல்லாம் சேத்து எண்ணூறு குடுங்க."

பிடிக்கு மேலே பொடி எழுத்தில் 5.
"அஞ்சு கிலோ மீன் வரைக்கும் தாங்கும்" என்றார்,
என் கண்ணைப் பார்க்காமல்.

எடையில் பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.
நாற்பது கிலோ நெல், சாக்கு தனி என்று எழுதுகிறவன்.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல்
எழுதப் பழகியவன்.

ஆட்டோ ஸ்டாண்டு ஓரம் துண்டுகளைச் சொருகினேன்.
ஒன்பதடி. கனமே இல்லை.
கனமில்லாததை வாங்கித்தான் இதுவரை ஏமாந்திருக்கிறேன்:
ஒரு சைக்கிள், ஒரு ஏலச்சீட்டு, மச்சான் கொடுத்த வாக்கு.
ஆனால் மணிக்கட்டை லேசாக அசைத்ததும்
அசைவு நுனிவரை போய்,
யோசித்து,
திரும்பி வந்தது.

எழுநூற்றைம்பதுக்கு முடிந்தது.

மழை விட்டு வெட்டாறு தெளியத் தொடங்கிய சாயங்காலம்.
முள்ளில் சேவல் கழுத்து இறகு வைத்து
சாக்குத் தைக்கும் சணலைப் பிரித்துச் சுற்றி
நானே கட்டிய ஈ.
ஈயக்குண்டு இல்லை. மிதவை இல்லை.
எறிந்தேன், முகத்தில் விழுந்தது.
மறுபடி, முதுகில்.
மறுபடி, பின்னாலிருந்த கருவேலத்தில்.
அறுத்துவிட்டு இன்னொரு ஈ கட்டினேன்.

மதகு மேலிருந்து உத்திராபதி கத்தினான்.
எங்கள் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன்.
நாற்பது ரூபாய் மூங்கிலில் அதற்குள் ஆறு கெளுத்தி.
"எழுத்தரே, மீன் பிடிக்கிறீங்களா, காக்கா ஓட்டுறீங்களா?"

எட்டாவதோ பத்தாவதோ தடவை
கை சலித்துப்போய்ச் சற்றுத் தாமதித்தேன்.
பின்னால் போன கயிறு காற்றில் முழுசாக நீண்டது.
அப்போது இழுத்தது,
முதுகுக்குப் பின்னால் யாரோ சட்டையைப் பிடித்த மாதிரி.
கோல் வளைந்தது.
முன்னால் விட்டேன்,
கயிறு தன்னைத்தானே உருட்டிக்கொண்டு ஆற்றின் மேல் போனது.

ஐந்து மீனுக்கில்லை. கயிற்றுக்கு.
எறிவதற்கு வேறு கனம் எதுவும் வேண்டாம்.
பாய்க்கு இது தெரியாது. பொய் சொல்லவில்லை அவர்,
ஊகித்திருக்கிறார்.
பன்னிரண்டு வருடம் தராசடியில் நின்ற நானும்
ஊகிக்கவில்லை.

இருட்டுவதற்குள் ஒன்று கவ்வியது.
கெண்டைப் பொடி, சுண்டுவிரல் நீளம்.
ஒன்பதடிக் கோல் அதற்கும் மரியாதையாகக் குனிந்தது.

உத்திராபதி இறங்கி வந்து பார்த்தான்.
"எவ்வளவு?"
"எழுநூத்தம்பது."
"கெண்டையா?"
சிரிப்பு அடங்கியதும் கையை நீட்டினான்.
மூட்டைக்குக் கொடுக்கிற தோளைக் கொடுத்து
ஓங்கி ஒரு வீசு வீசினான்.

கருவேலத்தில் இப்போது என் ஈ இரண்டு.
ஒரு தட்டான் வந்து
முதல் ஈயைச் சுற்றிப் பார்த்துவிட்டு
இரண்டாவதில் உட்கார்ந்தது.