வெள்ளிடைமலை

மருத்துவமனை நிலவறையில்
முப்பத்தோராண்டு எலும்புகள்.
காகித உறைக்குள், எண் ஒட்டி,
மார்பும் முழங்காலும் தாடையுமாய்
அடுக்கடுக்காய்ப் படுத்திருந்தன.
மேல்மாடிக்குக் கணினி வந்துவிட்டது.
"கிலோ கணக்கில் தள்ளிவிடு, எஃப்ராயின்" என்றார்கள்.
எடுத்தவன் நான்.
எடைபோட்டு விற்பவனும் நான்.

எலோதியா வில்கா
வெள்ளிக்கிழமைதான் வருவாள்,
சுரங்கத்துச் சாமிக்குச் சாராயம் தெளிக்கும் நாளில்,
கைத்தராசும் சாக்குமாக.
பொத்தோசியின் உயரத்தில்
பிறந்தவர்களுக்கே படியேறினால் இளைக்கும்.
அவள் இறங்கும்போதே பேரம் பேசுவாள்.

"கை கால் முறிந்தவர்கள் வேண்டாம்.
எலும்பில் என்ன இருக்கிறது?
வெளுத்த இடமெல்லாம் வெறும் பசை.
கறுப்பாய்க் கொடு.
கறுப்புதான் வெள்ளி."

இருட்டறைத் திராவகத்தில்
இத்தனை வருடம் கை ஊறியவன் நான்.
கதிர் தடையில்லாமல் கடந்த இடத்தில்
வெள்ளி கருத்துத் தங்கும்,
தடுக்கப்பட்ட இடத்தில்
கழுவுநீரோடு போய்விடும்:
பாடமாகத் தெரியும்.
விலையாகத் தெரியாது.

"நல்ல நெஞ்சாகப் பார்த்து எடு" என்றாள்.
"காற்று இருந்த இடமெல்லாம் எனக்குக் காசு."

மூன்றாம் அலமாரியில்
ஒரே ஆளுக்கு ஆறு படம்.
துளைப்பான் பிடித்தவன்.
சன்னல் கண்ணாடியில்
வரிசையாக ஒட்டினாள்.

முதலாவதில் இரண்டு இரவுகள்,
விலா எலும்புக்குள் அடைபட்டு.
மூன்றாவதில்
யாரோ கீன்வாவைச் சிந்தியிருந்தார்கள்.
ஐந்தாவதில் தோள் வரை பனி.
ஆறாவதில்
மூச்சு நுழைய இடமில்லை;
எனவே வெள்ளியும் இல்லை.

படங்களுக்குப் பின்னால்,
கண்ணாடிக்கு அப்பால், அதே மலை.
செம்மண் நிறத்தில், மரமில்லாமல்,
வெட்டவெளியில்.
குடைந்து குடைந்து உச்சி உள்வாங்கி.
ஆறு படத்தின் வழியாகவும் அது தெரிந்தது,
முதலாவதில் மங்கலாக,
கடைசியில் இன்னும் தெளிவாக.

உறைமேல் பெயர் என் கையெழுத்தில்:
க்ரிசோஸ்தொமோ வில்கா.
அவள் உதடு மட்டும் அசைந்தது.
இந்த ஊரில் வில்காக்கள் ஏராளம்.
நான் கேட்கவில்லை.

"கடைசி இரண்டுக்கும் பாதி விலை" என்றாள்.
சரி என்றேன்.

மறுநாள் அவள் கொல்லைக்கு ஏன் போனேன்?
தெரியாது.
பீப்பாயில் எரிசோடா கொதித்தது.
படங்கள் ஒவ்வொன்றாய் உள்ளே போய்
விலாவை, தேதியை, இடது வலது குறியை
உரித்துப் போட்டுவிட்டு
நீலத் தகடாய் ஏறி வந்தன.
கோழிக்கூண்டுக்கு அவைதான் சன்னல்.
நீல வெளிச்சத்தில் ஒரு பெட்டை
முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

அடியில் படிந்த கரிய சேற்றைக் காயவைத்து,
வெண்காரம் தூவி, மூசையில் கொட்டினாள்.
தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு பாகையில் உருகும்
என்று நான் ஆரம்பித்தேன்.
அவள் நெருப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாக்குப் படம்:
ஒரு நெல்லிக்காய்.

குழம்பாய், கண்கூச,
நேற்றுவரை நோயாளிகளாய் இருந்ததெல்லாம்
ஓருருண்டையாய்த் ததும்பியது.

"தள்ளி நில்" என்றாள்.
"இது காற்றைக் குடிக்கும்."

உண்மைதான்.
உருகிய வெள்ளி தன்னைப்போல் இருபது மடங்கு
பிராணவாயுவை உள்ளிழுக்கும்.
உறையும் கணத்தில்
வைத்துக்கொள்ள முடியாது அதற்கு.

மேல்தோல் வெளுத்தது.
சுருங்கியது.
பிறகு இருமியது.

ஒருமுறை.
சற்று நின்று, இன்னொரு முறை.

பொடிப்பொடியாய்
மண்ணில் தெறித்ததையெல்லாம்
எலோதியா குனிந்து பொறுக்கினாள்,
ஒன்று விடாமல்,
ஆறும்வரை காத்திராமல்,
விரல் சுடச் சுட.