இருபத்தெட்டரை டிகிரி

உலகத்தின் எல்லா ஆய்வகங்களிலும்
வரிக்குதிரை மீனின் முட்டைக்கு
இருபத்தெட்டரை டிகிரி.
மற்ற ஊர்களில் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள்.
நாகமலை புதுக்கோட்டையில், மே மாதம்,
கரண்ட் போன பிற்பகலில்
நாங்கள் ஆற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஐஸ் அப்பா தருவது.
மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிறவர்.
செத்த மீனுக்கு வந்ததில் இரண்டு கிலோ
உயிர் மீனுக்கு.
ஈரச்சாக்கு சுற்றி பஸ் ஏறினால்
வைகைப் பாலத்தில் சொட்டத் தொடங்கும்.
பெரியாரில் பாதி.
காளவாசலில் கண்டக்டர் மூக்கைப் பொத்துவார்.
மிச்சத்தில்தான் ஆராய்ச்சி.

பதினேழாவது மணி நேரத்தில்
வால் ஒருமுறை சுண்டும்.
சொல்லித்தர மூளை இன்னும் ஆகவில்லை,
ஆனாலும் சுண்டும்.
கண்ணாடி உடம்புக்குள்
பச்சையாய் ஒளிரும் ஒரு நரம்பிழை
நுனியால் துழாவித் துழாவி
உடலின் நடுக்கோட்டுக்குப் போகிறது.
கோடு இழுக்கிறது.
தாண்டிய கணத்தில் அதே கோடு தள்ளுகிறது.
பிறகு ஜென்மத்துக்கும் திரும்பித் தாண்டாது.
ஏன் என்பதில் பாதி தெரியும்.
மீதிப் பாதிக்குத்தான்
விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தில் குடும்பப்பெயர் கேட்கிறார்கள்.
இன்ஷியலை விரித்து எழுதினேன்.
அன்றிலிருந்து
‘அன்புள்ள டாக்டர் ஒச்சு,
வருந்துகிறோம்.’
பதினொரு கடிதமும் அப்பாவுக்கு.
எட்டாவதோடு நின்றவர்
துண்டை உதறிக்கொண்டே கேட்பார்:
“இன்னைக்கு எந்தூர்க்காரன் என்னைய வேணாம்னான்?”
ஜூரிக், என்பேன்.
“அங்கன ஐஸ் சும்மாவே கெடக்குமாமே.”

பட்டம் வாங்கி நான்கு ஆண்டுக்குள், என்கிறது விதி.
எனக்கு மூன்று வருடம் பத்து மாதம்.
பூனைக்குட்டியின் ஒரு கண்ணை
குறிப்பிட்ட சில வாரங்கள் மூடிவைத்தால்
பிறகு திறந்துவிட்டாலும் அந்தக் கண்ணுக்குப் பார்வை வராது.
பாடப்புத்தகத்தில் அதற்கொரு பெயர் உண்டு.
அதை உவமையாக்க மாட்டேன்.
பூனைக்குட்டி
விண்ணப்பக் கட்டணம் கட்டவில்லை.

பன்னிரண்டாவது இடத்தில் நேர்காணல் வைத்தார்கள்.
நம் இரவு பதினொன்றரை,
அவர்கள் ஜன்னலில் வெயில்.
திரையில் மூன்று முகம்.
மோட்டார் சத்தம் கேட்கக் கூடாதென்று
கீழ்வீட்டு ஜெபராணி அக்கா
தொட்டியை நிரப்பாமல் விழித்திருந்தார்.
உங்கள் சோதனையில்
மிகக் கடினமான கட்டம் எது?
ஐஸ், என்றேன்.
மூவரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன்.
அப்புறம் வெகுநேரம்
ஏன் சிரித்தேன் என்று தூக்கம் வரவில்லை.

இன்று காலை
பாலத்தில் பஸ் நிற்கிறது.
முன்னால் ஏதோ லாரி.
கீழே ஆறென்று சொல்லும்படி
ஒரு முழம் தண்ணீர், ஆகாயத்தாமரை.
இதை நான் தினமும் இரண்டு முறை தாண்டுகிறேன்,
போக ஒன்று, வர ஒன்று.
போன் அதிர்கிறது:
அன்புள்ள டாக்டர் ஒச்சு.
அதற்கு மேல் திரை காட்டவில்லை.

அவருக்கு வந்தது.
சாயங்காலம் அவரே பிரிக்கட்டும்.
சாக்கிலிருந்து
செருப்புக்குள் சொட்டுகிறது.
“அண்ணே, வண்டியெ எடுங்க”
என்று கத்துகிறேன்,
அங்கே
முந்நூறு முட்டை
முப்பத்தொன்றில் இருக்கும்.